மேட்டூர் தண்ணி, ஏற்காட்டு மழை, துணி டயப்பர்

ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இந்த ஐப்பசியிலும் எங்கள் வீட்டில் காய்ந்த டயப்பருக்குத் தட்டுப்பாடு வரவில்லை. பாப்பா படுக்கையை நனைக்காமல் விடியும்வரை தூங்குகிறாள். துவைத்த துணியில் நாற்றம் இல்லை. இந்த மூன்றும் ஒரே சமயத்தில் கூடி வந்தது சமீபத்தில்தான். மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

துணி டயப்பர் பற்றிக் கேட்கிறவர்கள் எடுத்ததும் எந்த பிராண்டு என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணி வருகிறது? கொடிக்கயிற்றில் வெயில் படுமா? சேலத்தில் எங்களைப் படுத்தியது தண்ணி. மலைக்கு வந்தபின் படுத்தியது ஈரம். டயப்பர் பெட்டியின் மேல் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள், இந்த இரண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எனக்கு வேலை ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில். மனைவியின் ஊர் சேலம் அம்மாபேட்டை. பிரசவமும் அதற்கப்புறம் முதல் சில மாதங்களும் அங்கேதான். நான் பைக்கில் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். துணி துவைக்கிற வேலை என்னுடையது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம்.

வேட்டி

பிறந்த குழந்தைக்கு எதையும் வாங்கி வைக்கவில்லை. வாங்காததே நல்லது. பட்டனை மாற்றிப் போட்டுச் சின்னதாகவும் பெரிதாகவும் ஆக்கும் 'ஒரே அளவு' டயப்பர்களில் 3 கிலோவிலிருந்து போடலாம் என்று எழுதியிருந்தாலும், அந்த எடையில் தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே விரல் தாராளமாகப் போகும். வழியாமல் என்ன செய்யும்? தொப்புள்கொடி விழாத புண்ணின் மேல் பட்டன் வேறு அழுத்தும்.

"வேட்டியக் கிழிச்சா முடிஞ்சுது மாப்பிள்ளை, இதுக்குப் போயி ஆயிரக்கணக்குல கொட்டுவாங்களா" என்றார் அத்தை. மாமாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை எடுத்து, கரையைக் கத்தரித்துவிட்டு, அகலத்தை இரண்டாகப் பிளந்து, 60 செ.மீ. நீளத்துக்கு ஒன்றாக வெட்டினோம். ஒரு எட்டு முழ வேட்டியில் பன்னிரண்டு சதுரம் வரும். அத்தையே மிஷினில் ஓரம் மடித்து அடித்துக் கொடுத்தார். வேட்டியை வெட்டும் முன் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள். சட்டென்று பரவினால் பருத்தி. முத்தாக உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது, அதை வெட்டாதீர்கள். புது வேட்டியும் வேண்டாம். கஞ்சியும் பஞ்சின் இயல்பான எண்ணெய்ப் பிசுக்கும் பல துவையலுக்குப் பிறகுதான் போகும், அதுவரை சரியாக உறிஞ்சாது.

முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு, கீழே ரப்பர் ஷீட். நனைந்ததும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. ராத்திரித் தூக்கம்தான் எங்களைக் கடைக்கு அனுப்பியது.

வாங்கியது

பாப்பா 5 கிலோவைத் தொட்டபோது மூன்று வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் பார்த்தோம். ஒன்று, பாக்கெட் டயப்பர்: உள்ளே ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற பாலியஸ்டர் துணி, பின்பக்கம் ஒரு வாய், அதில் ஈரத்தை உறிஞ்சும் பேடைச் செருக வேண்டும். விலை 450 ரூபாய். இரண்டாவது, பேடும் கவரும் சேர்த்தே தைத்தது, 750 ரூபாய். மூன்றாவது, வெறும் கவர், 500 ரூபாய். உள்ளே நாம் எதை வேண்டுமானாலும் மடித்து வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் வெளித்துணி ஒன்றுதான். பி.யு.எல். என்பார்கள், பாலியஸ்டர் துணியின் உட்புறத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. தண்ணியை விடாது, கொஞ்சம் காற்று போகும்.

கடைக்காரர் பூப்போட்டதா, யானை போட்டதா என்று காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் தொடைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எலாஸ்டிக்குக்கு உள்ளே இன்னொரு எலாஸ்டிக் மடிப்பு இருந்தால் இளக்கமாகப் போவது அங்கே நின்றுவிடும். இடுப்புக்கு வெல்க்ரோ வேண்டாம், நூலும் முடியும் ஒட்டி சீக்கிரம் பிடிப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் டிச் பட்டன் நல்லது.

போட்டதும் மூன்று வகையும் வழிந்தன. காரணங்களும் மூன்று.

முதல் காரணம் பேட். சமையலறைத் தராசு ஒன்று இருந்தது, கிராம் கணக்கில் காட்டுவது. ஒவ்வொரு பேடையும் காய்ந்த நிலையில் நிறுத்து, தண்ணியை ஊற்றி, சொட்டு நின்றதும் திரும்ப நிறுத்தேன். எட்டு மடிப்பாக மடித்த வேட்டிச் சதுரம் காய்ந்தபோது 40 கிராம், பிடித்த தண்ணி 120 கிராம். பாக்கெட்டோடு வந்த மைக்ரோஃபைபர் பேட் 38 கிராம், பிடித்தது 190. தாளில் அதுதான் ஜெயித்தது. ஆனால் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தியதும் பாதித் தண்ணி கைக்கே திரும்பி வந்துவிட்டது. குழந்தை உட்கார்ந்தாலோ இடுப்பில் தூக்கினாலோ நடப்பது இதுதான். ஹெம்ப் என்கிற செடியின் நாரும் பருத்தியும் கலந்த பேட் 60 கிராம், பிடித்தது 170. அழுத்தினால் விடவில்லை. அதற்குக் குறை வேறு: மெதுவாகத்தான் குடிக்கும், சட்டென்று ஊற்றினால் மேலேயே ஓடிவிடும்.

ஆக, மேலே வேட்டி, அடியில் ஹெம்ப். வேட்டி சட்டென்று வாங்கி, கீழே இருப்பதற்கு மெதுவாகக் கொடுக்கும். காலையில் கழற்றி நிறுத்தால் 180, 200 கிராம் ஈரம் இருக்கும், அதைத் தாங்கிவிடுகிறது. மைக்ரோஃபைபர் பேடுகள் இப்போது சமையலறை மேடை துடைக்கப் போய்விட்டன. வைத்திருப்பவர்கள் அதை நேராகத் தோலில் படும்படி வைக்காதீர்கள், தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும்.

இரண்டாவது காரணம் தேங்காயெண்ணெய். அத்தை தினமும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து நீவிக் குளிப்பாட்டுவார். அது போய் ஃப்ளீஸில் ஏறிக்கொண்டது. சொட்டு விட்டுப் பார்த்தேன். பழைய பாலியஸ்டர் வேட்டியில் நின்ற அதே முத்து! பாத்திரம் கழுவும் லிக்விடை ஃப்ளீஸ் பக்கத்தில் மட்டும் தேய்த்து, வெந்நீரில் நுரை போகும்வரை அலசியதும் சரியானது. குளித்த பிறகு போடும் முதல் டயப்பரில் இன்றும் ஒரு வேட்டித் துண்டை மேலே விரித்துவிடுகிறோம்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது மனைவி. உள்ளே பேட் பாதிகூட நனையவில்லை, சட்டையின் வயிற்றுப் பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்திருக்கும். பாப்பாவைப் படுக்க வைத்து, பட்டனைத் திறக்காமல் இடுப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். அரைஞாண் கயிறு. முன்பக்கம் அது டயப்பருக்குள் சிக்கி, ஒரு முனை ஈரப் பேடின் மேலும், மீதி வெளியே சட்டைக்கு அடியிலும் கிடந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தக் கறுப்புக் கயிறு மூத்திரத்தை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கயிற்றைக் கழற்றுவதா, அத்தை வீட்டில் அது நடக்காது. டயப்பரைப் போட்டபின் கயிற்றை மேலே தூக்கிவிட்டு, சுற்றி ஒருமுறை விரல் விட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தொடைப் பக்கமும் அப்படியே. உள்துணி ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் கசியும்.

நாற்றம்

சித்திரையில் ஆரம்பித்தது. துவைத்துக் காய்ந்த பேடை முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. பாப்பா ஒருமுறை நனைத்ததும் அமோனியா மூக்கைத் துளைக்கும். காலையில் ராத்திரி டயப்பரைப் பிரித்தால் கண் எரியும். தோலும் சிவக்கத் தொடங்கியது. டாக்டர் சிங்க் ஆக்சைடு களிம்பு கொடுத்து, முடிந்தவரை காற்றாட விடச் சொன்னார். புண் ஆறும்வரை ராத்திரிக்குத் தூக்கியெறியும் கடை டயப்பர்தான் போட்டோம்.

இணையத்தில் படித்துவிட்டு, துணி டயப்பருக்கு சோப்புத்தூள் மிகக் குறைவாகப் போட வேண்டும் என்று நம்பியிருந்தேன். ஒரு டீஸ்பூன். நாற்றம் வந்ததும் தூள்தான் தங்குகிறது என்று நினைத்து அரை டீஸ்பூன் ஆக்கினேன். இன்னும் மோசமானது. கிருமிநாசினி திரவம் ஊற்றிப் பார்த்தேன், அதன் வாசனையும் அமோனியாவும் சேர்ந்து வந்தன.

விஷயம் பிடிபட்டது இரண்டு தண்ணி பாட்டிலில். ஒன்றில் அதுவரை துவைத்துக்கொண்டிருந்த போர் தண்ணி, இன்னொன்றில் காவிரியிலிருந்து வரும் மேட்டூர் தண்ணி, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். மூடிக் குலுக்கினேன். மேட்டூர் தண்ணியில் நுரை கழுத்துவரை ஏறி நின்றது. போர் தண்ணியில் நுரையே இல்லை, மேலே வெள்ளையாகத் திரித்திரியாக ஏதோ மிதந்தது. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் கசடு அது. சேலத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஏற்காடு போகும் வழியில் வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கிறார்களே, அது மக்னீசியம் கார்பனேட்தான். ஹீட்டர் கம்பியில் படியும் வெள்ளையைத் தட்டித் தட்டி எடுப்பவர்கள், அதே தண்ணியில் துவைக்கும் துணியிலும் அது படியும் என்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. தூளைக் குறை என்று எழுதியவருக்கு மென்தண்ணி வாய்த்திருக்கும்.

முதலில் சேர்ந்த படிவை எடுக்க வேண்டும். கவர்களை ஒதுக்கிவிட்டுப் பேடும் வேட்டிச் சதுரங்களும் மட்டும். வாளியில் கை பொறுக்காத சூட்டில் மேட்டூர் தண்ணி, நான்கு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, வழக்கமான அளவு சோப்புத்தூள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணி கழனித்தண்ணி நிறத்தில் இருந்தது, இத்தனைக்கும் அவை 'துவைத்த' துணிகள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா தோலை உரிக்கும். நன்றாக அலசாவிட்டால் குழந்தைக்கும் அதே கதி. பி.யு.எல். கவரை இந்தச் சூட்டில் போட்டால் படலம் கழன்று வரலாம்.

அதன்பின் வாடிக்கை இப்படி. நனைந்த துணியை மூடி போட்ட பக்கெட்டில் ஊறவைப்பதை நிறுத்தி, ஓட்டைக் கூடையில் போட்டு வைத்தோம், காற்றோட்டம் இருந்தால் நாற்றம் குறைவு. ராத்திரிப் பேடை மட்டும் காலையிலேயே ஒருமுறை அலசிப் பிழிந்துவிட வேண்டும். மிஷினில் முதல் சுற்று போர் தண்ணியில், சும்மா அழுக்கு போக. இரண்டாவது சுற்று மேட்டூர் தண்ணியில். எங்களுடையது டாப் லோடு, மூடியைத் திறந்து தொட்டியிலிருந்து வாளியால் ஊற்றினேன். தூள் முழு அளவு, கூடவே இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. டயப்பர் மட்டும் போட்டால் டிரம்மில் மிதந்து சுற்றும், ஒன்றோடொன்று உரசாது. பாப்பாவின் துண்டு, தொட்டில் சேலை எல்லாம் சேர்த்து முக்கால் டிரம் நிறைக்க வேண்டும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது, நாரின் மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். இந்த வாடிக்கைக்குப் பிறகு அமோனியா திரும்ப வரவில்லை.

மலையில்

மலைக்கு வந்ததும் பாதிப் பாடம் தலைகீழானது. இங்கே தோட்டத்து ஊற்றுத் தண்ணி, சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். சேலத்து அளவில் தூள் போட்டேன், நான்கு முறை அலசியும் நுரை போகவில்லை. அளவைப் பாதியாக்கி, சோடாவை அடியோடு நிறுத்தினேன்.

காய்வதுதான் பிரச்சினை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். பேடும் கவரும் சேர்த்துத் தைத்த 750 ரூபாய் டயப்பர் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும், மூன்றாம் நாள் முக்கல் வாடை அடிக்கும். ஹெம்ப் பேட் மறுநாள் சாயங்காலம் காயும். வேட்டிச் சதுரத்தைப் பிரித்து ஒற்றைத் துணியாக ஃபேனுக்கடியில் போட்டால் ராத்திரி போட்டது காலையில் தயார். மடித்தால் எட்டு அடுக்கு, பிரித்தால் ஒரே அடுக்கு, இதைவிடப் புத்திசாலித்தனமான வடிவமைப்பை நான் கடையில் பார்க்கவில்லை. அத்தை போனில் சிரித்ததை இங்கே எழுதவில்லை.

குளிரில் துணி காய்ந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது. காய்ந்த துணியும் ஜில்லென்றுதான் இருக்கும். மறுபடி தராசு. 60 கிராம் பேட் 66 காட்டினால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது, கொடிக்கே திரும்பப் போகும். ஒவ்வொரு பேடின் ஓரத்திலும் அதன் காய்ந்த எடையைத் துணி மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் முக்கல் வாடை போனது இதனால்தான்.

பக்கத்து வீட்டு அம்மா குமுட்டியில் கரி போட்டு, மேலே சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியைப் போடச் சொன்னார். வேட்டித் துணியை மட்டும் போட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்கிறது, புகை வாடைதான் துணியை விட்டுப் போகவில்லை. சின்னக் குழந்தை இருக்கும் அறையில் கரி எரிவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மிஷினில் இரண்டு முறை ஸ்பின், அப்புறம் காய்ந்த டர்க்கி டவலில் சுருட்டி மேலே ஏறி மிதிப்பது. கடைசி ஈரத்துக்கு அயர்ன் பாக்ஸ். வேட்டிக்கு மட்டும், கவரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஹைபிரிட் வந்தது இந்த மழையில்தான். அதே கவர், உள்ளே துணிக்குப் பதில் தூக்கியெறியும் பேட். கடை டயப்பரில் இருக்கும் அதே உறிஞ்சும் பாலிமர் பொடி அதிலும் உண்டு. ஒரு பேட் 12 ரூபாய், முழு டயப்பரைவிடப் பெரிய மலிவு ஒன்றும் இல்லை. குப்பை குறையும், கவர் நம்முடையது. மழை வலுத்த நாட்களில் ராத்திரிக்கும், சேலம் இறங்கும் நாட்களிலும் இதுதான். இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது மடியில் வைத்து வேட்டி மடிக்க முடியாது. கவர் அழுக்காகாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பேடை வைத்துவிடலாம்.

ஒரு குறை, பேட் பின்னால் நழுவும். கவரின் உள்ளே ஒரு பட்டை தைத்துப் பிடிக்க வைக்கலாம் என்று நடுவில் ஊசி ஓட்டினேன். ஊசி போன ஒவ்வொரு புள்ளியும் கசியும் ஓட்டையானது, அந்தக் கவர் போச்சு. பிறகு கண்டுபிடித்தது சுலபம்: பேடை ஒரு வேட்டிச் சதுரத்துக்குள் சுருட்டி வைத்தால் நகராது, மலமும் துணியிலேயே நிற்கும். பயன்படுத்திய பேடைக் கழிவறையில் போடாதீர்கள், ஊதி அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்து ராகிக் கூழ் தொடங்கியதும் வேலை கொஞ்சம் கூடியது. தாய்ப்பால் மட்டும் குடித்தபோது அலசினாலே போய்விடும். இப்போது முதலில் கழிவறையில் உதறி, ஹெல்த் ஃபாசெட்டால் பீய்ச்சிவிட்டுத்தான் கூடைக்கு. கறைக்கு எதையும் தேய்ப்பதில்லை, ஈரத்தோடு ஒரு வெயில் நாளில் போட்டால் தானாக வெளுக்கும். வெயில் வரும்வரை கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

செலவு: கவர் ஆறு 3,000, ஹெம்ப் பேட் ஆறு 1,500, பாக்கெட் இரண்டு 900, சேர்த்துத் தைத்தது ஒன்று 750. வேட்டி மாமாவுடையது. கடை டயப்பர் மட்டுமே போட்டிருந்தால் ஒன்று 12 ரூபாய் வீதம் மாதம் 2,300 அளவில் ஆகியிருக்கும். அடுத்த முறை பாக்கெட்டும் சேர்த்துத் தைத்ததும் வாங்க மாட்டேன். கவரும் ஹெம்ப் பேடும் வாங்குவேன், அதுவும் முதலில் இரண்டிரண்டு மட்டும். மழைக்கென்று ஹைபிரிட் பேட் ஒரு பாக்கெட். மீதிக்கு வேட்டி.

இன்னொன்று, கவரைத் தொடை எலாஸ்டிக்கில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டதில் இரண்டு கவர்கள் தளர்ந்துவிட்டன. இப்போது கயிற்றின் மேல் குறுக்காகப் போடுகிறேன். தளர்ந்ததைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எலாஸ்டிக் ஓடும் மடிப்பின் இரு முனையிலும் தையலைப் பிரித்து, பழையதை உருவி, 6 மி.மீ. எலாஸ்டிக் புதிதாகக் கோத்து முனைகளை அடித்துவிடலாம். நன்றாக இருந்த கவரில் அளந்தபோது இழுக்காத நிலையில் 13 செ.மீ. இருந்தது, தையலுக்கு ஒரு செ.மீ. கூட்டி வெட்டினேன். இங்கே டெய்லர் ஒரு கவருக்கு 40 ரூபாய் வாங்கினார். பாலியஸ்டர் நூலில் அடிக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் போட்டால் தையல் வழியாகவே ஈரம் வெளியே வந்துவிடும்.